நேற்று 140, இன்று 220: சர்க்கரை எதிர்பாராமல் ஏறினாலும் இறங்கினாலும் காரணத்தை எங்கே தேடுவது?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள வீட்டில் மீட்டர் எதிர்பாராத ஓர் எண்ணைக் காட்டியதும் எழும் முதல் கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். மனைவி கேட்பார், மகள் கேட்பார், ஊரிலிருந்து தொலைபேசியில் அண்ணன் கேட்பார். டெல்லியில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தே என் காலம் கழிந்தது. இந்தக் கேள்விக்குப் பயந்து சோதனை செய்வதையே நிறுத்திவிட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் 210-ஐ அடித்துவிட்டு 150 என்று எழுதியவர்களும் உண்டு. இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. உணவு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமன்று. தூக்கம், காய்ச்சல், முழங்காலில் போட்ட ஊசி, வெயிலில் கெட்ட இன்சுலின், குளிரில் விறைத்த விரல் என்று எத்தனையோ உண்டு.

தேட ஒரு வரிசை இருக்கிறது. எண் சரிதானா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, கடந்த இரண்டு நாட்களில் என்ன மாறியது என்று யோசியுங்கள். அதன் பிறகு மருந்து, கடைசியாக உடம்பு. ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

பொதுவான இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). வயதானவர்களுக்கும் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்தியிருக்கலாம். நாளுக்கு நாள் இருபது, முப்பது கூடுவதும் குறைவதும் இயல்பு, அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். ஐம்பதுக்கு மேல் தாவினாலோ, மூன்று நாட்கள் ஒரே மாதிரி இலக்கைத் தாண்டினாலோ தேடத் தொடங்குங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

70-க்குக் கீழே போனால் காரணம் பிறகு, சிகிச்சை முதலில். அதற்கான வழியைக் கீழே "திடீரென்று இறங்குகிறது" என்ற பகுதியில் சொல்லியிருக்கிறேன். நினைவு தப்பியவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 112-ஐ அழையுங்கள்.

300-ஐத் தாண்டி இறங்காமல் நிற்கிறது, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, தொடர்பில்லாத பேச்சு, மீறிய தூக்கக் கலக்கம் இருக்கிறது என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இவர்களுக்குச் சர்க்கரை 200-ஐ ஒட்டியே இருந்தாலும் ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

"இப்போது 236, ஐந்து நிமிடம் கழித்து 198"

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத முடிவுகள் ஆய்வகத்தின் எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையான அளவு 200 என்றால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அந்த மீட்டர் தேர்ச்சி பெற்றதுதான். வேறு வேறு நிறுவன மீட்டர்கள் இரண்டை வைத்து ஒப்பிட்டுக் குழம்புவது இதனால்தான் வீண் வேலை. ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு அதன் போக்கைப் பாருங்கள்.

எண் பொய்யாக ஏறுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் விரல்தான். மாம்பழம் நறுக்கிய கை, பிரசாதப் பஞ்சாமிர்தம் பட்ட கை, குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்த கை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசுக்கே எண்ணை எகிறச் செய்யும். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈர விரலில் சொட்டு நீர்த்துப்போய் எண் குறையவும் கூடும். ரத்தம் வரவில்லை என்று விரல் நுனியைப் பிழிந்தாலும் கணக்கு மாறும். கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தால் தானாக வரும்.

அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது மீட்டரில் செருகும் சோதனைப் பட்டை. காலாவதித் தேதியைப் பார்ப்பவர்கள்கூட டப்பாவின் மூடி திறந்தே கிடப்பதைக் கவனிப்பதில்லை. மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருள்தான் அந்தப் பட்டைகளைக் காப்பாற்றுகிறது. ஸ்ட்ரிப்களை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், குளியலறை அலமாரியிலும் காரிலும் வைக்காதீர்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சில மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. அது திசு நீரில் உள்ள சர்க்கரையை அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். அந்தக் கையை அழுத்திப் படுத்துத் தூங்கினால் நள்ளிரவில் பொய்யாக 60 காட்டி அலாரம் அடிக்கும். விரலில் ஒரு முறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி என் தொழில் சார்ந்த ஒன்று. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் வசதி டெல்லியில் இன்று எல்லாக் காலனிகளிலும் இருக்கிறது. மயூர் விஹாரில் காலை ஆறரைக்கு எடுத்த ரத்தம், இன்னும் பத்து வீடு ஏறி இறங்கி, போக்குவரத்தில் சிக்கி, பத்து மணிக்கு ஆய்வகத்தை அடையலாம். குழாயில் இருக்கும்போதும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு சேர்த்த சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுமையாகத் தடுக்காது. வீட்டு மீட்டர் 150, ஆய்வகம் 118 என்று வந்தால் மீட்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ரத்தம் எடுப்பவரிடம் சாம்பல் மூடியா என்று கேளுங்கள், எத்தனை மணிக்கு ஆய்வகம் போய்ச் சேரும் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

"இரவு 140-தான் இருந்தது, காலையில் 185"

ஒன்றுமே சாப்பிடாமல் எப்படி ஏறும் என்று பலர் மனம் வெதும்புவது இந்த இடத்தில்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சுரந்து உடலை எழுப்பத் தயாராக்குகின்றன. கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும். உங்களுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான். இது உங்கள் தவறன்று.

இதைப் பிரித்தறிய இரண்டு மூன்று இரவுகள் மட்டும் சிரமப்படுங்கள். படுக்கும்போது ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று. படுக்கும்போதே 220 என்றால் குற்றவாளி இரவு உணவு. படுக்கும்போதும் மூன்று மணிக்கும் 140, காலையில் 185 என்றால் மேலே சொன்ன விடியற்காலை ஏற்றம். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் இரவு மருந்து அதிகமாக இருக்கிறது என்று பொருள், அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

டெல்லி வாழ்க்கையில் இரவு உணவு தள்ளிப்போவது சகஜமாகிவிட்டது. குருகிராமிலிருந்தோ நொய்டாவிலிருந்தோ வீடு வந்து சேரவே ஒன்பது ஆகிறது, பத்து மணிக்குத் தட்டு. பத்தே முக்காலுக்குப் படுத்துவிட்டால் செரிமானம் முழுவதும் தூக்கத்தில்தான் நடக்கும். மாலை ஆறரைக்கு அலுவலகத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ வறுகடலையோ சாப்பிட்டுவிட்டு, இரவுத் தட்டை அதற்கேற்பச் சிறிதாக்கிக்கொள்வது காலை எண்ணில் தெரியும்.

இன்னொன்று காபி. ஐந்தரைக்கு எழுந்து பால் காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு எடுக்கும் எண்ணை வெறும் வயிற்று எண் என்று எழுதுகிறார்கள். பாலில் சர்க்கரை இருக்கிறது. சீனி போடாவிட்டாலும் அது வெறும் வயிறு ஆகாது. எழுந்ததும் சோதியுங்கள், பிறகு ஃபில்டரை எடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு, தூக்கத்தில் மூச்சடைப்பு நோயே காலைச் சர்க்கரையை உயர்த்திக்கொண்டிருக்கலாம். இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.

"இனிப்பைத் தொடவே இல்லை, சாப்பிட்ட பின் 260"

இனிப்பைத் தொடவில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் மாவுச்சத்து முழுவதும் கடைசியில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம், நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் சுமார் 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து. கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் எங்கள் டெல்லித் தமிழர் வீடுகளில் நடப்பது என்ன? சர்க்கரை வந்ததும் "சப்பாத்திக்கு மாறிவிட்டோம்" என்பார்கள். மூன்று சப்பாத்தி சாப்பிட்ட பிறகு, ரசம் சாதம் கொஞ்சம், தயிர் சாதம் கொஞ்சம். வடக்கும் தெற்கும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன. சப்பாத்தி என்றால் சப்பாத்தி, சோறு என்றால் சோறு, இரண்டில் ஒன்று. ஆலு பராட்டா என்றால் கோதுமைக்குள் உருளைக்கிழங்கு, இரண்டும் மாவுச்சத்துதான்.

நல்ல உணவு என்று நம்பிச் சாப்பிடுபவை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம். அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடையாகவோ கெட்டிக் களியாகவோ அளவோடு, காய்கறியுடன் சாப்பிடுங்கள். தினையும் குதிரைவாலியும் அரிசிக்கு மாற்று என்று வாங்கி, "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயன் போயிற்று. வெல்லம், தேன், பனங்கற்கண்டு மூன்றும் சர்க்கரைதான். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது. பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள்.

விரத நாட்கள் தனிக் கதை. கிருத்திகையிலும் சனிக்கிழமையிலும் சோறு கிடையாது, பலகாரம்தான் என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. ரவை உப்புமாவும் இட்லியும் தோசையும் சோற்றைவிடச் சர்க்கரையைக் குறைத்து ஏற்றும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நவராத்திரியில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் அன்போடு கொடுக்கும் ஜவ்வரிசிக் கிச்சடியும் உருளைக்கிழங்கும் அதே ரகம்.

சோதிக்கும் நேரத்தையும் பாருங்கள். இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து. கல்யாண வீட்டில் பூரி, பனீர், நெய்யில் மிதக்கும் பருப்பு என்று சாப்பிட்டால் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் 165 காட்டி நிம்மதி தரும், நான்கைந்து மணி நேரம் கழித்து 250-க்குப் போகும். மறுநாள் காலை எண் கெட்டிருந்தால் முந்தைய இரவின் விருந்தை நினைத்துப் பாருங்கள்.

உடனே செய்யக்கூடியவை இரண்டு. முதலில் கூட்டு, பொரியல், பருப்பு, சாலட். சோறோ சப்பாத்தியோ கடைசியில். அதே உணவு, அதே அளவு, வரிசையை மட்டும் மாற்றினாலே ஏற்றம் குறைகிறது. இரண்டாவது, சாப்பிட்டவுடன் சோபாவில் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், குடியிருப்பின் நடைபாதையில் நடக்கலாம்.

"ஒரு வாரமாக எப்போது பார்த்தாலும் அதிகம்"

காலை, மதியம், இரவு என்று எல்லா எண்ணும் சேர்ந்து ஏறினால் உணவை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

முதல் சந்தேகம் தொற்று. பல்லில் சீழ், சிறுநீர்க் கடுப்பு, காலில் கவனிக்காத புண், சளி, டெல்லியில் மழைக்குப் பின் வரும் டெங்கு. உடல் நோயை எதிர்க்கச் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றுகின்றன. சில சமயம் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தியது தெரியாது. காய்ச்சல் நாட்களில் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினையும் மேலே சொன்ன டாபாகிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவைப்பட்டால் உலக சுகாதார நிறுவன அளவுப்படியான பொட்டலத்தை வாங்குங்கள், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களில் அதைவிடப் பல மடங்கு.

இரண்டாவது ஸ்டீராய்டு. நவம்பரில் புகைமூட்டம் கவிந்ததும் இருமலும் இழைப்பும் வந்து ஐந்து நாள் பிரெட்னிசலோன் எழுதிக் கொடுப்பார்கள். காலை எண் ஏறக்குறைய சரியாக இருக்க, மதியத்துக்கு மேல் 280, 320 என்று போனால் அதன் அடையாளம் அது. முழங்காலிலோ தோளிலோ போடும் ஸ்டீராய்டு ஊசியும் பல நாட்கள் ஏற்றி வைக்கும். தோள்பட்டை இறுகும் நோய் நீரிழிவாளர்களுக்கு அதிகம் வருவதால் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதிகம். எலும்பு மருத்துவர் போட்ட ஊசி பற்றிச் சர்க்கரை மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். இருவரிடமும் சொல்லுங்கள். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. லேபிள் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்றாவது, இன்சுலின் எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது. இந்தியாவில் சீசா இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்குள் போடும் குழலில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் சீசாவுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கி வந்தால் தேவையானதில் ஐந்தில் இரண்டு பங்குதான் உடம்புக்குள் போகும். மருந்துக்கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் இதைக் கண்டுபிடிக்கவே வாரங்கள் ஆகும். இன்றே எழுந்து போய்ப் பாருங்கள். அடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு கட்டிதட்டி, மருந்து ஒரு நாள் உறிஞ்சப்படும், ஒரு நாள் படாது. தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும். இடத்தை மாற்றிக் குத்துங்கள். நெடுநாள் கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது சர்க்கரை சட்டென இறங்கலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பால்போல் கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கிய பிறகுதான் போட வேண்டும்.

தூக்கமில்லாத வாரம், மகளின் தேர்வு, அலுவலகத்தில் இடமாற்ற உத்தரவு இவையும் எண்ணில் தெரியும். மனக்கவலையால் ஏறும் சர்க்கரை கற்பனையன்று.

"திடீரென்று இறங்குகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது"

முதலில் சிகிச்சை. 15 கிராம் குளுக்கோஸ், அதாவது குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இன்னும் 70-க்குக் கீழே என்றால் மீண்டும் அதே. ஏறிய பிறகு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட், பர்பி, பிஸ்கட் எல்லாம் கொழுப்பால் மெதுவாகவே வேலை செய்யும்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள் வீட்டுச் சீனியை நம்பக் கூடாது. சீனியை உடைத்துக் குளுக்கோஸாக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. இவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடரே வேண்டும். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் இது இருக்கிறது. அட்டையின் பின்புறம் பெயரைப் படியுங்கள், சந்தேகமிருந்தால் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

இனி காரணங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லாசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவைதான் இறக்குபவை. காலை மாத்திரை போட்டுவிட்டு, ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறி, கூட்டத்தில் சிக்கி, சிற்றுண்டியைப் பதினொரு மணிக்குத் தள்ளினால் போதும். கந்த சஷ்டி ஆறு நாளும் பால், பழம் மட்டும் என்று மலை மந்திர் முருகன் கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் வழக்கமான அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? விரதத்தை விடச் சொல்லவில்லை. பத்து நாள் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள். நவம்பரில் பிரகதி மைதான வர்த்தகக் கண்காட்சியில் நாள் முழுக்க நடந்தால் அன்றிரவு தூக்கத்தில்கூட இறங்கலாம். மது, அதுவும் வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் சர்க்கரை விடுவதைத் தடுக்கும். மறுநாள் வரை ஆபத்து நீடிக்கும்.

போட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாவது முறை மாத்திரை போடுவது பெரியவர்களிடம் மிகச் சாதாரணம். ஏழு கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டி சிறு செலவு, பெரும் பாதுகாப்பு.

பல ஆண்டுகளாக ஒத்துப்போன அதே அளவு இப்போது மட்டும் அடிக்கடி இறக்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தும் இன்சுலினும் உடம்பில் நெடுநேரம் தங்கும். சர்க்கரை நன்றாகிவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே நடப்பது வேறாக இருக்கும். லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் இந்த மாத்திரைகளோடு சேர்ந்து இறக்கக்கூடும். எடை குறைந்து, நடை கூடி, உணவு திருந்தியதால் மருந்துத் தேவையே குறைந்திருந்தால், அது நல்ல செய்தி. அளவைக் குறைக்க மருத்துவரைப் பாருங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் வரும். கிளிபென்கிளமைடு வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும், தனியாக விட்டுவிட வேண்டாம். மாதக்கணக்கில் 250-இல் இருந்தவருக்கு 120-க்கு வந்தாலே நடுங்கும். சோதித்துப் பார்த்து, 70-க்கு மேலே இருந்தால் இனிப்பு வேண்டாம், உடம்பு சில வாரங்களில் பழகிவிடும்.

"டிசம்பரில் ஏறுகிறது, மே மாதத்தில் குழம்புகிறது"

குளிர்காலத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடுவது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. டெல்லியில் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. காற்றுத் தரம் கெட்டு வெளிநடை நிற்கிறது. பசி கூடுகிறது. கேரட் அல்வாவும் கஜக்கும் ரேவடியும் வீடு தேடி வருகின்றன, மார்கழியில் வெண்பொங்கலும் சேர்ந்துகொள்கிறது. நடையை விடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரிவர இயங்காது. ஜனவரிக் காலையில் பால்கனி அலமாரியிலிருந்து எடுத்த மீட்டரைச் சற்று நேரம் அறைக்குள் வைத்திருந்து பயன்படுத்துங்கள், சட்டைப் பையில் வைத்தாலும் சரி.

கோடையில் 45 டிகிரி. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக 25 முதல் 30 டிகிரிக்குள், நான்கு வாரம் வரைதான் வெளியே வைக்கலாம். மற்றவை குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில். உறைகலத்தை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது. மின்வெட்டுக்கு, ஒரு மண்பானைக்குள் சிறு பானை, இடையில் ஈர மணல், பழைய முறைதான், நன்றாக வேலை செய்கிறது. பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் போகும்போது இன்சுலினைப் பனிக்கட்டி மேல் நேரடியாக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டாலும் சர்க்கரை ஏறும். மாம்பழம் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம், இடைவேளையில் ஒரு துண்டு, அன்றைய சோற்றில் அந்த அளவு குறைத்து.

"தினசரி எண் நன்று, மூன்று மாத எண் கெட்டது"

எச்பிஏ1சி 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154, 8 என்றால் சுமார் 183. காலை எண்ணை மட்டுமே பார்ப்பவர்களுக்கு மற்ற வேளைகளின் ஏற்றம் தெரிவதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் காலை உணவுக்குப் பின், ஒரு நாள் மதியம், ஒரு நாள் இரவு என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் ரத்தத்தைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும். ரத்தப்போக்கோ, ரத்தம் ஏற்றியதோ பொய்யாகக் குறைக்கும்.

எதிலும் விடை கிடைக்காவிட்டால்

இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். எண், நேரம், என்ன சாப்பிட்டது, மருந்து போட்ட நேரம், தூக்கம், வேறு மருத்துவர் கொடுத்தவை. யாரும் திட்ட மாட்டார்கள் என்ற உறுதியை வீட்டில் இருப்பவர்கள் முதலில் கொடுங்கள், அப்போதுதான் உண்மையான எண் எழுதப்படும். எல்லா மாத்திரை அட்டைகளையும், இருமல் மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சாப்பாடு, மருந்து எதுவும் மாறாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, எடை காரணமின்றிக் குறைகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். கணையம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோயையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், வந்த பின் சர்க்கரையையும் அது ஏற்றும். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.